எழுத்தைத் தலைமேல் தாங்கும் மலை

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



தென் கொரிய நாட்டில் கயா மலை என்றொரு புனித மலை உண்டு. அதன் உயரம் சுமார் 1,430 மீட்டர். அங்கே பாறையில் வடிக்கப்பெற்ற நின்ற கோலப் புத்தரை வணங்க மலையேறுவோர் பலர். ஆயினும் பயணிகளின் தலையாய இலக்கு, கி.பி. 802-இல் நிறுவப்பெற்ற ஹெயின்சா என்னும் பௌத்தப் பெருங்கோயிலே. கொரியாவின் மும்மணிக் கோயில்களுள் தொங்தோசா புத்தருக்கும், சொங்குவாங்சா சங்கத்திற்கும், ஹெயின்சா தம்மத்திற்கும் உரியவை. தம்மம் அங்கே எழுத்தாய் உறைகின்றது.

அந்த எழுத்தின் வரலாற்றைக் கேளுங்கள். 11-ஆம் நூற்றாண்டில் கொரியர் திரிபிடக நூல்களை மரப்பலகைகளில் செதுக்கி வைத்தனர். 1232-இல் மங்கோலியப் படையெடுப்பு அவற்றைச் சாம்பலாக்கியது. நாடே நிலைகுலைந்த வேளையில் அம்மக்கள் மீண்டும் உளியை எடுத்தனர். 1236 முதல் 1251 வரை உழைத்து, 80,000-க்கும் மேற்பட்ட பலகைகளில் இருபுறமும் எழுத்துகளைச் செதுக்கினர். சூகி என்னும் துறவி பழம் பிரதிகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்தார். மரம் உளுத்துப்போகாமல் பதப்படுத்தி, அரக்குப் பூசி, மூலைகளில் உலோகப் பட்டை பொருத்தினர்.

அவற்றைக் காக்கும் கூடங்களில் கண்ணாடியோ இயந்திரமோ இல்லை. மேலும் கீழும் வெவ்வேறு அளவில் அமைந்த சாளரங்கள் வழியே காற்று உலாவி ஈரத்தைப் போக்குகின்றது. 1995-இல் யுனெஸ்கோ இக்கூடங்களை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

1951-இல், கொரியப் போரின்போது, அப்பகுதியில் மறைந்திருந்த எதிர்ப்படையினர் மீது குண்டு வீச ஆணை பிறந்தது. விமானப்படை அதிகாரி கிம் யங்-ஹ்வான் அவ்வாணையை மறுத்தார். கோயிலும் நூல்களும் பிழைத்தன. மன்னனின் பொருளும் துறவியின் அறிவும் மட்டும் அந்நூல்களைக் காக்கவில்லை. பெயர் அறியாத தச்சர்களின் கைகளும், ஒரு போர்வீரனின் மனச்சான்றும் காத்தன.

இளைஞர்களே! அம்மலையில் நடைபெறும் விழாவொன்றில் அடியார்கள் அப்பலகைகளின் படிகளைத் தலைமேல் தாங்கி வலம் வருவர். தலைச்சுமை என்றால் விறகும் புல்லும் செங்கல்லும் என்றே நம் முன்னோர் அறிந்திருந்தனர். எழுத்தைச் சுமக்க அவர்களுக்கு இடம் தரப்படவில்லை. அந்தத் தலைகளின் வழிவந்த நீங்கள் இன்று புத்தகம் சுமக்கின்றீர்கள். 25 ஆண்டுகளாக இச்சங்கம் செய்துவருவது இதுவே. எரிந்ததை எண்ணி ஏங்கி நில்லாதீர்கள், மீண்டும் செதுக்குங்கள். செதுக்கியதை அடுத்த தலைமுறையின் கையில் கொடுங்கள்.