கரு என்னும் ஒரு சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் மாதக் கூட்டங்களில் மிகுதியாக ஒலித்த சொல் எதுவென்று எண்ணிப் பார்த்தேன். "கவிதையின் கரு நன்று", "கரு புதிது, நடை பழையது" என்று ஒவ்வொரு திறனாய்விலும் அச்சொல் வந்திருக்கிறது. உயிரியல் ஆசிரியரும் அதைத்தான் சொல்கிறார். மருத்துவமனையில் செவிலியரும் அதைத்தான் சொல்கிறார். இத்தனை பேர் எடுத்தாளும் கரு என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது பேச விழைகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கருமை நிறத்தைக் குறிக்கும் கரு வேறு. கருங்கல்லும் கருவேலமும் அந்த இனத்தைச் சேர்ந்தவை. நான் பேசுவது உயிரின் தொடக்கத்தைக் குறிக்கும் கருவைப் பற்றியது.

தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றி வாழும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். நிலத்தைத் தாயாகவும் அதில் பிறந்தவற்றைக் கருவாகவும் கண்ட பார்வை அது. இன்று நம் சமவெளிக்குக் கருப்பொருள் எழுதினால் உணவில் நிலக்கடலையும் மரவள்ளியும் இடம்பெறும். தொழிலில் ஜவ்வரிசி ஆலை இடம்பெறும். பறவையில் பண்ணைக் கூண்டுக்கோழியை விட முடியாது. நாமக்கல்லின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது முட்டைதானே!

அந்த முட்டையில் ஒரு வியப்பு உண்டு. நாம் மஞ்சட்கரு, வெண்கரு என்கிறோம். உண்மையில் அவை இரண்டும் கரு அல்ல; வளரப்போகும் உயிருக்குத் தாய்க்கோழி கட்டிக்கொடுத்த உணவு. மஞ்சளின் மேலே வெளிறித் தெரியும் சிறு புள்ளியிலிருந்துதான் குஞ்சு உருவாகும். முட்டைக்கென வளர்க்கும் பண்ணைகளில் சேவல் இல்லை. ஆகவே அங்கிருந்து லாரி லாரியாகச் செல்லும் முட்டைகளில் உயிர்க்கரு இல்லை. கரு இல்லாத முட்டையிலும் இரண்டு கருக்களைக் கண்டது தமிழ்.

இராசிபுரம் பக்கத்துச் சிற்றூரில் என் அம்மாயி நாட்டுக்கோழி வளர்த்தார். அடை வைத்து ஒரு வாரம் கழிந்ததும் முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பார். "நரம்பு ஓடியிருக்குது பாரு கண்ணு, இது தங்கிருச்சு" என்று மகிழ்வார். எதுவும் தெரியாத முட்டையைக் கூமுட்டை என்று ஒதுக்கிவிடுவார். தங்கியவை 21 நாளில் குஞ்சாகும். பாடநூலில் கருவளர்ச்சி படிப்பதற்கு முன்னரே அவரிடம் அதைக் கண்ணால் படித்தேன்.

பாடநூல் தமிழும் இச்சொல்லைக் கைவிடவில்லை. 1831இல் இராபர்ட் பிரவுன் தாவரச் செல்லினுள் கண்ட உருண்டைப் பகுதிக்கு, சிறு பருப்பு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைப் பெயராக வைத்தார். தமிழ் செய்தோர் அதை உட்கரு என்றனர். அணுவின் நடுப்பகுதியை அணுக்கரு என்றனர். பருப்பு என்று பெயர்க்காமல் கரு என்று பெயர்த்தது நம் மொழியின் நல்லூழ்.

வழக்கில் இன்னும் விரிவு உண்டு. மார்கழியில் மேகம் கருக்கொண்டால் அடுத்த ஆண்டு மழை உண்டு என்று மானாவாரி உழவர் வானத்தைப் பார்ப்பர். அரசின் பணத்தைக் காக்கும் அலுவலகம் கருவூலம். இறைவன் உறையும் இடம் கருவறை. நாமக்கல்லில் மலையின் வயிற்றைக் குடைந்தே நரசிம்மருக்குக் கருவறை அமைத்தார்கள். திருச்செங்கோட்டு மலைமேல் கருவறையில் நிற்கும் இறைவன் பாதிப் பெண். காக்கத்தக்கது எதுவோ, அதைக் கரு என்றார்கள் முன்னோர்.

அவையோரே, இவ்வளவு உயர்வான சொல்லுக்கு இம்மண்ணில் நேர்ந்ததையும் சொல்லாமல் அமர்வது நேர்மை ஆகாது.

பெண் சிசுக்களைக் காப்பதற்கென அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது அதன் பகுதி. கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. அதன் பிறகும், 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே இருந்தனர். 2011இல் அந்த எண் 900ஐக் கடந்தது. ஆறுதல்தான், நிறைவு அன்று.

கோழியினத்தில் குஞ்சு சேவலா பெட்டையா என்பதைத் தாயின் முட்டை முடிவு செய்கிறது. மனித இனத்தில் அதை முடிவு செய்வது தந்தையின் உயிரணு. ஆயினும் பெண் பிறந்தால் ஏச்சு வாங்கியவள் தாய்.

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல இசைவு தாருங்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மூத்த மகளுக்கு மூன்று வயதானபோது, இரண்டாவதாகத் தங்கிய கரு மூன்றாம் மாதத்தில் நிலைக்கவில்லை. வீடு திரும்பிப் படுத்திருந்தேன். பார்க்க வந்த பெரியவர் ஒருவர் என் தலையைத் தடவி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏங் கண்ணு, தானா கலைஞ்சுதா, இல்ல கலைச்சுப் போட்டீங்களா?"

அவர் கொடுமையால் கேட்கவில்லை. முதலில் பெண்குழந்தை பெற்ற வீட்டில் அந்தக் கேள்வி இயல்பாக இருந்தது, அவ்வளவே. அழுதுகொண்டிருந்த நான் பதில் சொல்லவில்லை. பல நாள் கழித்து, வகுப்பில் தன்வினை பிறவினை நடத்தும்போது கரும்பலகையில் 'உடைந்தது, உடைத்தது' என்று எழுதினேன். அடுத்த எடுத்துக்காட்டாக 'கலைந்தது' மனத்தில் வந்தது. கை எழுத மறுத்தது.

மெல்லினம் நின்றால் தானே நிகழ்ந்தது. வல்லினம் நின்றால் ஒருவர் செய்தது. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. பெண்ணென்று அறிந்து அழித்த வீடுகளிலும் வெளியே "கலைஞ்சு போச்சு" என்றே சொன்னார்கள். செய்தவர் யாரென்று மெல்லினம் காட்டாது. மேகத்துக்கும் கனவுக்கும் உரிய மென்மையான வினையின் பின்னால் எத்தனையோ வன்செயல்கள் ஒளிந்துகொண்டன. அதே மென்மை என்னைப் போன்றோரின் உண்மைத் துயரையும் ஐயத்துக்கு உள்ளாக்கியது.

ஒன்றைத் தவறாகக் கொள்ள வேண்டா. தாயின் உயிரையும் உடல்நலத்தையும் மனநலத்தையும் கருதி மருத்துவர் செய்யும் கருக்கலைப்பை 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கிறது. அதைப் பழிப்பது என் நோக்கம் அன்று. பெண் என்னும் ஒரே காரணத்தால் நடந்ததையே சொல்கிறேன்.

கவிஞர் பெருமக்களே! நம் கூட்டங்களில் "இக்கவிதையைப் பெற்றெடுக்கப் பேறுகால வேதனை பட்டேன்" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. கேட்டுப் புன்னகைப்பேன். உவமை உங்கள் உரிமை. ஆனால் கரு என்று எழுதும்போது, அம்மாயி விளக்கொளியில் தேடிய அந்த நரம்பை நினையுங்கள். கலைந்தது என்று எழுதும் இடத்தில், கலைத்தது என்று எழுத வேண்டுமோ என ஒருமுறை நின்று பாருங்கள். செய்தவரை மறைக்காத வினைமுற்றை எழுதுவதும் கவிஞர் கடன்.

அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்தில் பெண் கவிஞர்கள் பெருக வேண்டும் என்று விழைகிறேன். 2001இல் எண்ணிக்கையில் குறைந்த அந்தப் பெண்குழந்தைகளோடு பிறந்து எஞ்சியவர்கள் இன்று இளம்பெண்கள். அவர்களில் சிலர் என் வகுப்பில் படித்தவர்கள். சிலர் இந்த அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை முன்வரிசைக்கு அழைத்து, என் உரையை நிறைவு செய்கிறேன்.