டிசம்பரில் ஓடினீர்கள், மே மாதத்தில் எங்கே இருந்தீர்கள்?

(சென்னை மண்ணடியில் வியாபாரிகளும் வாலிபர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

2015 டிசம்பரில் இந்த நகரம் மூழ்கியபோது நம் வாலிபர்கள் செய்த சேவையை நாடே பார்த்தது. பள்ளிவாசல்கள் எல்லா மக்களுக்கும் கதவைத் திறந்துவிட்டன. தண்ணீரில் இறங்கிச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வெள்ளம் வடிந்தபின் கோயில்களிலும் சேறு அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே ஓட்டம். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நான் கேட்பது வேறு. அந்த ஆண்டுகளின் ஏப்ரல், மே மாதங்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

ஏன் அந்த மாதங்களைச் சொல்கிறேன்? மாநகராட்சிப் பொறியியல் துறைக்கு அதுதான் வேலைக் காலம். பட்ஜெட் முடிந்து, மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, வடிகால் கட்டுவதும் தூர் வாருவதும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மழை விழுந்தபின் எந்த இன்ஜினீயரும் ஒன்றும் செய்ய முடியாது. மோட்டார் வைத்து இறைக்கலாம், அவ்வளவுதான்.

நம் ஊர் தாம்பாளம் போலச் சமதரை. மழைநீர் வடிகாலில் தண்ணீரைத் தள்ள மோட்டார் கிடையாது. சரிவை நம்பித்தான் அது ஓடுகிறது. அந்தச் சரிவோ நூல் பிடித்தது போன்ற மெல்லிய சரிவு. நடுவில் ஓர் இடத்தில் அடித்தட்டு கொஞ்சம் உயர்ந்துவிட்டால் போதும், அதற்கு மேலே உள்ள தெரு முழுக்கக் குளம்தான். இரண்டு தெருவில் வடிகால் கட்டிவிட்டு இரண்டையும் சேர்க்கும் துண்டைக் கட்டாமல் விட்டாலும் அதே கதி. பார்வைக்கு வடிகால் இருக்கும். தண்ணீர் போக வழி இருக்காது.

சரி, யாரிடம் கேட்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. பாதாள சாக்கடையும் குடிநீரும் 1978 சட்டப்படி ஏற்பட்ட குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ஆறும் ஏரியும் நீர்வளத் துறைக்கு. சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கு. தெருமுனைப் பில்லர் பாக்ஸ் மின்வாரியத்துக்கு. மாநகராட்சிக்குள்ளேயே பஸ் ஓடும் சாலைகளைக் கவனிக்க ஒரு பிரிவு, உட்தெருக்களுக்கு மண்டல அலுவலகம்! கடை வாசலில் கறுப்புத் தண்ணீர் நின்றால் அது சாக்கடைக் குழாய் நிரம்பி வந்ததா, வடிகால் அடைத்து வந்ததா என்று முதலில் பாருங்கள். ஆளை மாற்றிக் கேட்டால், "எங்கள் வேலை இல்லை" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள்.

பக்கத்தில் இருக்கிற ஏழுகிணற்றை நினைத்துப் பாருங்கள். 1772-இல் கேப்டன் பேக்கர் என்பவர் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக உருவாக்கிய திட்டம் அது. கோட்டையில் இருந்தவர்கள் கேட்டார்கள், வேலை நடந்தது. கேட்கிறவன் பக்கம்தான் குழாய் போகிறது என்பது அன்றைக்கே இருந்த வழக்கம்.

வியாபாரிகளே, உங்கள் மடியில் கை வைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அத்தா கடை திறந்தபோது சாலையிலிருந்து இரண்டு படி ஏறித்தானே உள்ளே போனார்? இன்று பல கடைகளில் படி இறங்கிப் போகிறோம். கடை தாழவில்லை. சாலை உயர்ந்துவிட்டது. பழைய தாரின் மேலேயே புதுத் தார். ஒரு முறைக்கு ஒன்றரை அங்குலம் என்றாலும் நான்கு முறையில் அரை அடி! மழை பெய்தால் முதலில் நனைவது கீழ்த்தட்டில் அடுக்கியிருக்கும் சரக்கு. இது தலைவிதி அல்ல. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த கனத்துக்கே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு தெளிவாக உத்தரவிட்டார். ஆகவே ஜல்லி வந்து இறங்கும் அன்று காலையில் தெருவில் நில்லுங்கள். சுரண்டும் இயந்திரம் வந்ததா என்று கேளுங்கள். ரோலர் உருண்டு முடிந்தபின் கேட்டுப் பயன் இல்லை.

கேட்கிறவன் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். வண்டி ஏற்ற வசதியாகச் சிமெண்ட் சாய்தளம் போட்டு, மழைநீர் இறங்கும் துவாரத்தை மூடியிருப்பது யார்? பேக்கிங் தெர்மாகோலையும் பாலிதீனையும் இரவில் வடிகாலுக்குள் தள்ளுவது யார்? கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் இணைத்திருப்பது யார்? அடைப்பு ஏற்பட்டால் இருநூறு, முந்நூறு கொடுத்து ஓர் ஏழையைக் குழிக்குள் இறக்குகிறார்கள். 2013 சட்டப்படி அது குற்றம். சாக்கடைக்குள் இறங்கி ஒருவர் இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. பணம் கொடுத்தாலும் அந்த உயிர் திரும்பாது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

வாலிபர்களே, உங்களுக்கு ஒரு வேலை. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டாவது பிரிவைப் படியுங்கள். காகித நகல் மட்டும் அல்ல, நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றளிக்கப்பட்ட மாதிரி கேட்கவும் அதில் உரிமை இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். உங்கள் தெரு வடிகாலின் நீளம் என்ன, ஆழம் என்ன, எந்த வடிகாலில் போய்ச் சேர்கிறது, கடைசியாகத் தூர் வாரியது எந்தத் தேதி, ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு தொகை கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று 1998-லேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆகவே மறைக்க அவர்களுக்கு இடமில்லை. டீக்கடையில் "எல்லாம் கமிஷன்" என்று பேசுவது சுலபம். நாலு கேள்வி எழுதிக் கொடுப்பதுதான் சிரமம். அதனால்தான் பேச்சு அதிகமாகவும் மனு குறைவாகவும் இருக்கிறது.

வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2022 அக்டோபரில் இதே சென்னையில் ஓர் இளம் பத்திரிகையாளர் இரவில் அப்படிப்பட்ட பள்ளத்தில் விழுந்து உயிரை விட்டார். ஒரு தகரமும் ஒரு சிவப்பு விளக்கும் என்ன விலை?

தடுப்பு இல்லையென்றால் 1913-க்குப் போன் போடுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வார்டு உதவிப் பொறியாளர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் மேல் உதவி செயற்பொறியாளர், அதற்கு மேல் மண்டலச் செயற்பொறியாளர். படிப்படியாகப் போங்கள். தனியாளாகப் போகாமல் தெருவில் உள்ள எல்லாச் சமுதாயத்துக் கடைக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கிப் போங்கள். தண்ணீர் யார் கடை என்று பார்த்து நுழைவதில்லை. மனுவோடு இரண்டு போட்டோ வையுங்கள், ஒன்று வெயிலில் எடுத்தது, ஒன்று போன மழையில் எடுத்தது. கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அலுவலகப் படியை விட்டு இறங்காதீர்கள்.