கத்தி, அரிவாள், மண்வெட்டிப் பிடிகளைப் பதப்படுத்தும் முறைகள்



அறுவடை நெருங்கினால் அரிவாளின் கருக்கைக் கவனிக்கிறோம். மண்வெட்டித் தகடு தேய்ந்தால் கொல்லரிடம் கொடுத்து அடித்து வாங்குகிறோம். ஆனால் பிடியை மட்டும் அது உடைகிற வரையில் நினைப்பதில்லை. ஓங்கிய மண்வெட்டி கழன்று பறந்தால் பக்கத்தில் நிற்பவர் காலைப் பிளக்கும். ஆடுகிற பிடியுள்ள அரிவாள் அறுப்பவர் விரலைப் பதம் பார்க்கும். எனவே மரப் பிடியிலும் எலும்புப் பிடியிலும் நீர் புகாமல் காப்பது எப்படி என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஈரமே எதிரி

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வயல்கள் குறைந்து, வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. எனினும் சுற்றுப்புற ஊர்களில் நெல்லும் கீரையும் பூவும் பயிரிடுவோர் இன்றும் உண்டு. இப்பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்துவிடுகிறது. மே மாதத்திலோ வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து உப்புகிறது. கோடையில் காய்ந்து சுருங்குகிறது. ஆண்டுதோறும் இப்படி உப்பிச் சுருங்குவதால்தான் பிடி வெடிக்கிறது, தளர்கிறது.

பிடி தளர்ந்தால் கருவியை இரவில் தண்ணீரில் ஊறப் போடும் வழக்கம் நம்மிடம் உள்ளது. காலையில் பிடி இறுகியிருக்கும், உண்மைதான். ஆனால் இரும்புக் கண்ணுக்குள் மரம் உப்பும்போது இரும்பு விரிந்து இடம் தருவதில்லை. உள்ளே நெரிபட்ட மரநார்கள் நசுங்குகின்றன. மறுபடி காயும்போது மரம் முன்பிருந்ததைவிடச் சிறுத்துவிடும். நேற்று ஆடிய பிடி நாளை இன்னும் அதிகமாக ஆடும். ஆகவே ஊறப் போடுவதை அறவே விடுங்கள். நன்றாகக் காயவைத்து, புது ஆப்பு அடித்து, எண்ணெய் ஊட்டுவதே சரியான வழி.

மரத் தேர்வு

கருவேல மரம் பிடிக்கு மிகவும் ஏற்றது. வைரம் பாய்ந்த நடுப்பகுதியையே எடுக்க வேண்டும். வெளிப்புற வெள்ளைப் பகுதி எளிதில் உளுத்துப் போகும். நார் ஓட்டம் பிடியின் நீளவாக்கில் நேராக இருக்க வேண்டும். குறுக்கே ஓடினால் அந்த இடத்தில் முறியும். பச்சை மரத்தை உடனே செதுக்கிப் பொருத்தாதீர்கள். இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூசி, நிழலில் சில மாதங்கள் உலர்த்துங்கள். நவரை அறுவடை முடிந்த கோடை நாட்களே பிடி பொருத்த உகந்த காலம். நன்கு காய்ந்த நிலையில் பொருத்திய பிடி மழைக்காலத்தில் தளராது.

எண்ணெய் ஊட்டும் முறை

பிடியை அரத்தால் சீர் செய்து, முதலில் முரட்டு உப்புத்தாளாலும் பிறகு மெல்லிய உப்புத்தாளாலும் தேயுங்கள். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் படிந்திருந்த நார்கள் எழும்பும். அவற்றையும் தேய்த்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் ஆகியவை மரத்தில் இறுகுவதில்லை. பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், கையும் வழுக்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு மரத்துக்குள்ளேயே இறுகிவிடும். பெயிண்டுக் கடைகளில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் விரைவில் உலரும். அதில் உலோகச் சேர்மங்கள் கலந்திருப்பதால் சமையல் கத்திக்கு வேண்டாம். அதற்குச் செக்கில் ஆட்டிய ஆளிவிதை எண்ணெயையே பயன்படுத்துங்கள். அது உலரப் பல நாட்கள் ஆகும்.

துணியில் எண்ணெயைத் தொட்டு மெல்லியதாகப் பூசுங்கள். 20 நிமிடம் கழித்து, உறிஞ்சாமல் மேலே நிற்கும் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். நன்கு உலர்ந்த பின் அடுத்த பூச்சு. இவ்வாறு மூன்று நான்கு முறை பூச வேண்டும். மரநார்கள் நீளவாக்கில் நுண்குழாய்கள் போல அமைந்தவை. அதனால் பக்கங்களைவிட வெட்டுமுனை வழியாகவே நீர் பல மடங்கு விரைவில் ஏறுகிறது. ஆகவே இரும்புக் கண்ணுக்குள்ளும் பூணுக்குள்ளும் மறையும் முனைக்கு, பொருத்துவதற்கு முன்பே கூடுதலாக எண்ணெய் ஊட்டுங்கள். வார்னிஷ் அடித்தால் பிடி பளபளக்கும். ஆனால் வேலை செய்யும்போது கை வழுக்கும், கொப்புளம் போடும். நாளடைவில் வார்னிஷ் உரியவும் செய்யும்.

ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். கூரை வீட்டிலோ வைக்கோல் போர் அருகிலோ எறிந்துவிடாதீர்கள். வெட்டவெளியில் விரித்துக் காயவையுங்கள். அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

எலும்புப் பிடிகள்

ஒட்டுக் கட்டும் கத்திகள் சிலவற்றில் எலும்புப் பிடி இருக்கும். எலும்பிலும் நுண்துளைகள் உண்டு. சாறும் அழுக்கும் அவற்றில் இறங்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். கொதிநீரும் கடும் வெயிலும் எலும்பை வெடிக்கச் செய்யும். பிளீச்சிங் பவுடர் அதை அரிக்கும். தேய்ப்பதானால் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். எலும்புத் தூள் நுரையீரலுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் எலும்பை மஞ்சளாக்கும். அதனால் தேன்மெழுகைத் தேய்த்து, உலர்ந்த துணியால் மெருகேற்றினால் போதும். அரக்கு மெருகு வேண்டாம். கத்தியைக் கிருமி நீக்க நாம் பயன்படுத்தும் ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும். மான் கொம்புப் பிடி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

தொடர்ந்த பராமரிப்பு

வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, பிடியைத் துடைத்து, நிழலில் மாட்டி வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எண்ணெய் பூசுங்கள். விரிசல் கண்ட பிடியைக் கம்பி சுற்றி ஓட்டாமல் உடனே மாற்றிவிடுங்கள். ஒரு புதுப் பிடிக்கு ஆகும் செலவு, வெட்டுப்பட்ட காலோடு ஒரு பட்டம் முழுவதும் வேலையிழந்து கிடப்பதால் வரும் நட்டத்துக்கு ஈடாகாது.