எங்களை வச்சுத்தான் படிக்கிறாங்க

(போடிநாயக்கனூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மனநல மருத்துவம் பற்றிப் பேசப்போறேன்னு சொன்னதும் ஒரு தோழர் கேட்டார்: "பஞ்சமி நிலத்துக்கும் கூலிக்கும் போராடுற நேரத்துல இது எதுக்கு? இது காசுள்ளவன் வியாதியாச்சே." மனசு எல்லாருக்கும் இருக்கு, தோழர். அது நொறுங்கும்போது காது கொடுத்துக் கேட்க ஆள் வைக்கிற வசதிதான் காசுள்ளவனிடம் இருக்கு.

விடியுமுன்னே ஜீப்பில் பிதுங்கிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிற பெண்களைத் தினமும் பார்க்கிறோம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்களில் குனிந்து காய் எடுத்து, பொழுது சாய இறங்குகிறார்கள். வேலை ஒரு மாநிலத்தில், வீடு ஒரு மாநிலத்தில். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, பிள்ளை, குடிச்சுட்டு வர்ற புருசன். இதோடு சாதி. 1989இல் இந்தப் போடி சாதிக் கலவரத்தில் பற்றியெரிந்தது. செத்தவர்களை எண்ணலாம், எரிந்த வீடுகளை எண்ணலாம். அன்றைக்குத் தூக்கம் போனவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அப்போது சிறுபிள்ளையாக இருந்தவர்களுக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. சத்தமாகப் பட்டாசு வெடித்தால் இன்னும் உடம்பு தூக்கிப்போடுகிறவர்களை நான் அறிவேன்.

இவர்கள் எங்கே போகிறார்கள்? கோடாங்கியிடம் போகிறார்கள். மூடநம்பிக்கை என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆனால் கோடாங்கி ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்கிறான். வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை, எந்தச் சாவுக்கு அழாமல் விட்டது என்று கேட்கிறான். ஓ.பி.யில் அதைக் கேட்க நேரமில்லை. அதற்கும் மிஞ்சினால் தர்காவுக்கோ கோவிலுக்கோ கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் ஓடமுடியாமல் கருகினார்கள். பக்கத்தில், கையில் உள்ள காசுக்கு, வைத்தியம் இல்லை என்பதன் விலை அது.

குறைந்த செலவில் வைத்தியம் கிடைக்கிற ஒரு வழி உண்டு. அது பயிற்சி மருத்துவமனை. டாக்டருக்குப் படிக்கிறவர், மனநல மேற்படிப்புப் படிக்கிறவர், கிளினிகல் சைக்காலஜி படிக்கிறவர் எல்லோருமே நோயாளியைப் பார்த்துத்தான் தொழிலைக் கற்கமுடியும். மேலே அனுபவசாலி ஒருவர் மேற்பார்வை பார்ப்பார். வெளிநாடுகளில் பல பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகளே இப்படிக் கிளினிக் நடத்தி, வருமானத்துக்கு ஏற்றபடி சொற்பக் கட்டணம் வாங்குகின்றன. இங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் செய்கின்றன. நமக்குக் கிட்டத்தில் இருப்பது க.விலக்கு. கிட்டத்தில் என்றால், தேனியையும் தாண்டிப் போகவேண்டும்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் ரொம்ப காலத்துக்கு முன்னே வெளியூரில் ஒரு பயிற்சி மருத்துவமனைக்குப் போய்வந்தார். ஒருநாள் கூலி போச்சு. சுற்றி நாலைந்து மாணவர்கள். அவர்களுக்குள்ளே இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து சொன்னார்: "அவுக என்னையப் பாத்துப் படிச்சாக தம்பி, என்னையப் பாக்கல."

இதைவிடச் சரியாக யாரும் சொல்லமுடியாது. நான் சொல்லவந்ததும் இதுதான். பயிற்சி மருத்துவமனை நமக்குப் போடுகிற பிச்சை இல்லை. அது கொடுக்கல் வாங்கல். நம் உடம்பையும் மனசையும் பாடப்புத்தகமாக விரித்துவைக்கிறோம். அதைப் படித்து அவர்கள் பட்டம் வாங்குகிறார்கள், நாளைக்குத் தனியாகக் கிளினிக் போட்டுச் சம்பாதிக்கிறார்கள். கட்டணத்தை நாம் முன்கூட்டியே கட்டிவிட்டோம். ஆகவே கேட்க உரிமை இருக்கு.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவைத் தோழர்கள் அவசியம் படிக்கணும். கட்டுபடியாகிற செலவில், நல்ல தரத்தில், எட்டுகிற தூரத்தில் மனநலச் சேவை பெறுவது உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, கையில் அட்டை இல்லாவிட்டாலும், அரசு நடத்துகிற, அரசு நிதி பெறுகிற இடங்களில் இலவசம். நெடுந்தூரம் அலையவைக்கக் கூடாது. பாகுபாடு காட்டக் கூடாது என்கிற பட்டியலில் சாதி என்கிற சொல்லும் இருக்கிறது. அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும் என்கிறது. போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்த காலம் முடிந்தது என்பதைச் சேரி சேரியாகச் சொல்லவேண்டும்.

ஒடுக்கப்பட்டவர்கள் இதைக் கையிலெடுத்த முன்னுதாரணம் உண்டு. 1946இல் நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெமில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில் லஃபார்க் கிளினிக் தொடங்கியது. மார்க்சின் மருமகன் பால் லஃபார்க்கின் பெயர். எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் துணைநின்றார். பிரெட்ரிக் வெர்தம் என்கிற மனநல மருத்துவர் நடத்தினார். ஊழியர்கள் சம்பளம் வாங்கவில்லை. கட்டணம் 25 சென்ட், அதுவும் இல்லாதவர்களுக்கு இலவசம். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலையில் திறந்தார்கள். தனிப்பள்ளி ஒதுக்கல் பிள்ளைகளின் மனசை என்ன செய்கிறது என்று அங்கே பரிசோதித்ததை வெர்தம் டெலவர் வழக்கில் சாட்சியமாகச் சொன்னார். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்குகளில் அதுவும் ஒன்று. நோயாளி சொன்னதைக் காதில் வாங்கிய கிளினிக், அதை அரசாங்கத்தின் காதிலும் போட்டது.

நம் பயிற்சி மருத்துவமனைகளுக்குள்ளேயே சாதி இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2019 மே மாதம் மும்பையில் பாயல் தட்வி என்கிற ஆதிவாசி மருத்துவர், மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தபோதே உயிரை மாய்த்துக்கொண்டார். சாதி சொல்லித் துன்புறுத்தியதாக சீனியர் மருத்துவர்கள் மூவர்மீது வழக்கு. கூடப் படிக்கிறவளின் துயரத்துக்கே இடமில்லாத கட்டடத்தில், ஏலத்தோட்டக் கூலிக்காரியின் துயரத்துக்கு யார் நாற்காலி போடுவார்கள்?

"அப்ப சமூகம் மாறட்டும், கிளினிக் எதுக்கு?" என்று கேட்கலாம். பனான் என்ன செய்தார்? அல்ஜீரியாவில் பிளிதா மனநல மருத்துவமனையில் 1953இல் சேர்ந்தார். காலனியாட்சிக்குக் கீழே இந்த வேலைக்கு அர்த்தமில்லை என்று 1956இல் ராஜினாமா செய்தார். ஆனால் வைத்தியத்தை விடவில்லை. துனிசுக்குப் போய், நோயாளிகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்புகிற பகல்நேர மருத்துவமனை நடத்தினார். விடுதலை இயக்கத்திலும் இருந்தார். போராட்டமும் வைத்தியமும் ஒரே ஆளின் இரண்டு கைகள்.

நம் கோரிக்கைகள் இவை. மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு, ஜீப்புகள் இறங்கிய பிறகு, மாலை நேரத்தில், போடிக்கு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டும். மாணவர்கள் கூட இருக்கலாமா என்று நோயாளியிடம் முதலில் கேட்கவேண்டும், வேண்டாம் என்றால் விலகவேண்டும். தமிழில் பேசவேண்டும். என்ன வேலை, தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறீர்களா என்று கட்டாயம் கேட்கவேண்டும். சில பூச்சிமருந்துகள் நரம்பைத் தாக்கும். தலைவலி, பதற்றம், தூக்கமின்மை அதிலிருந்தும் வரும். சாதி மனசை என்ன செய்கிறது என்பது பாடத்தில் வரவேண்டும். மாத்திரை எழுதுமுன் காது கொடுக்கவேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்களில் நாலு பேராவது உளவியல் படியுங்கள். மற்றவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறவர்களோடு துணைக்குப் போங்கள். இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலும் பேசலாம், காசில்லை: 14416. அந்த எண்ணை ஜீப் நிற்கிற இடத்திலெல்லாம் எழுதிப்போடுங்கள்.

மனு எழுதி வச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கலையணும்.

ஜெய்பீம்.