இடிக்கிறதுக்கு முன்னாடி…
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வீடு கட்டுறதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். கட்டிய வீட்டை இடிக்காமல் இருப்பதைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன்.

நம்ம போடியில் தாத்தாக்கள் கட்டிய வீடுகள் உங்களுக்குத் தெரியும். வாசலில் திண்ணை, உள்ளே முற்றம், தேக்குக் கட்டைகளின்மேல் செங்கலைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெரஸ். இப்போது ஒரே வாரத்தில் இடித்து, தேக்கை லோடு லோடாக விற்றுவிட்டுக் கான்கிரீட் பெட்டி கட்டுகிறார்கள். பிறகு அதே ஆள் காரைக்குடிக்குப் போய், ஹாலில் நிறுத்த ஒரு பழைய தூண் வாங்கி வருகிறார்! விற்றது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்.

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது இடிப்பதென்றே முடிவு. காரணமும் நியாயம்தான். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, கக்கூஸோ கொல்லைக் கடைசியில். சுவரெல்லாம் ஓதம். ஓதத்தைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

சுரண்டிப் பார்த்தேன். உள்ளே சுண்ணாம்புக் காரை, மேலே பிற்பாடு பூசிய சிமென்ட். விஷயம் அங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், காற்றுப் பட்டால் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பூச்சு உப்பும், சுவருக்குள் இருக்கிற தேக்குக் கட்டையின் முனை இற்றுப்போகும். 'பழசாயிருச்சு' என்று நாம் சொல்கிற பாதி வீடுகளுக்கு வியாதி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

சிமென்டைக் கொத்தி எடுத்தோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடியது தனிக்கதை. கடைசியில் கிடைத்தவருக்கு எழுபது வயதுக்கு மேல். குழியில் சுண்ணாம்பை நீற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசினார். அவரை அவசரப்படுத்த முடியாது.

வசதிக்கு என்ன செய்தோம்? ஏலக்காய் மூட்டை அடுக்கிய அறை, பெரியம்மா அறைக்குள் திறக்கும் பாத்ரூம் ஆனது. பழைய சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுப் புதுச் சுவர். குழாயெல்லாம் புதுச் சுவரில்தான். வயரிங்குக்குச் சுவரை வெட்டவில்லை, வெளியே தெரிகிற மாதிரியே பைப்பில் போட்டோம். சமையலறை முழுக்கப் புதுசு, சாம்பல் நிற கிரானைட், நேர்க்கோடு. செட்டிநாட்டு வேலைப்பாடு மாதிரிப் போலி ஒட்டவில்லை. பழசு பழசாகவும் புதுசு புதுசாகவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதுதான் இரண்டுக்குமே அழகு.

தம்பி ஒருவன் ஃபால்ஸ் சீலிங் கேட்டான். தேக்கை மறைத்துவிட்டு ஜிப்சத்தைப் பார்ப்பதற்கா? ஒழுகினாலும் தெரியாது. முற்றத்தில் சண்டை இன்னும் பெரிசு. குரங்குத் தொல்லை என்று ஷீட் போட்டு மூடச் சொன்னார்கள். மூடினால் சூடு மேலே போக வழியில்லை, சித்திரை வெயிலில் வீடு அடுப்பாகிவிடும். கம்பி வலை போட்டோம். மழை வந்தால் மழையும் உள்ளே வரும், வரட்டும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. மதுரை கோச்சடையில் ஹெரிட்டேஜ் ஓட்டல் இருக்கிறதே, அது 1970-களில் மதுரா கோட்ஸ் கம்பெனியின் கிளப்பாக, இலங்கையின் ஜெஃப்ரி பாவா (1919–2003) வடிவமைத்தது. கல் சுவர், மர நிழல், கோவில் தெப்பக்குளம் மாதிரி நீச்சல் குளம். அங்கே போனால் சாப்பாட்டை விட்டுச் சுவரைப் பாருங்கள்.

எங்கள் வீட்டுப் பத்திரம் இன்னும் பிரியவில்லை. பெங்களூரில் இருக்கும் அண்ணன் இப்போதும் 'அபார்ட்மென்ட் கட்டலாம்' என்கிறார். பெரியம்மா மட்டும் அசையமாட்டேன் என்கிறார்.

இங்கே யார் வீட்டிலாவது இடிக்கிற பேச்சு நடந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சனி, ஞாயிறு ஊருக்கு வருவேன், சுவரைச் சுரண்டிப் பார்ப்போம், காசு வேண்டாம். அந்தக் கொத்தனாரிடம் இப்போது இரண்டு பையன்கள் வேலை பழகுகிறார்கள். அவர்களுக்கும் வேலை வேண்டுமல்லவா?