சொக்சோ மறுத்தால் எந்த வாசலைத் தட்டுவது?

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நம்மில் பலர் கடை நடத்துகிறோம். பலர் கடைகளில் வேலை செய்கிறோம். மாதந்தோறும் சொக்சோ சந்தா கட்டுகிறோம். ஆனால் விபத்துக்குப் பிறகு "உதவித்தொகை இல்லை" என்று கடிதம் வந்தால், அதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். முடியவில்லை. 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது.

ஒன்று, உடம்பைப் பற்றியது. கை எத்தனை விழுக்காடு செயலிழந்தது என்பதை மருத்துவர் குழு தீர்மானிக்கும். அதில் நிறைவில்லை என்றால் 90 நாள்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவர் குழுவுக்குப் போகலாம்.

மற்றொன்று, உரிமையைப் பற்றியது. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் விபத்து நேர்ந்தாலும் அது வேலை விபத்துதான். வழி மாறிப் போயிருந்தால் அல்ல. பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்க மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், அது வழி மாறியதாகுமா? இத்தகைய கேள்விகளைத் தீர்ப்பது சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம். சட்டம் அறிந்தவர் அதற்குத் தலைவர். இதே வகை வழக்குகளையே தொடர்ந்து விசாரிப்பதால் அவர்களுக்கு இதன் நெளிவு சுளிவு தெரியும்.

பிரிட்டனில் உடற்குறை உதவித்தொகை வழக்கை நீதிபதி, மருத்துவர், உடற்குறை பற்றிய அனுபவமுள்ளவர் என மூவர் ஒன்றாக அமர்ந்து கேட்பது வழக்கம். இங்கே மருத்துவம் ஒரு வாசல், சட்டம் ஒரு வாசல். ஆகவே கடிதத்தில் என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். தவறான வாசலில் நின்றால் நாள்கள்தான் வீணாகும்.

வாரியத்தின் முடிவுக்குப் பிறகு உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் அங்கே போக முடியும். நடந்தது என்ன என்பதை நிரூபிக்க வேண்டிய இடம் வாரியமே. போலீஸ் புகார், மருத்துவமனைச் சீட்டு, சம்பளச் சீட்டு, வேலை நேரப் பதிவு, பார்த்தவரின் சாட்சி எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட வேண்டும்.

முதலாளிகளான நமக்கும் கடமை உண்டு. விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். உண்மையான சம்பளத்தையே பதிய வேண்டும். உதவித்தொகை அதை வைத்துத்தான் கணக்காகும். ஊரிலிருந்து வந்து நம் கடையில் நிற்கும் தம்பிமார்களுக்கும் 2019 முதல் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. எத்தனை அனுபவமுள்ள நீதிபதியானாலும், நாம் எழுதி வைக்காததை அவரால் படிக்க முடியாது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். இப்படிப்பட்ட கடிதங்களைப் படித்துச் சொல்லவும், தாள்களைச் சேர்த்துக் கொடுக்கவும் நம் சங்கத்தில் இரண்டு இளைஞர்களை நியமிப்போம். கணவரை இழந்த ஒரு சகோதரி அந்தக் கடிதத்தோடு தனியாக அலையக் கூடாது.

வஸ்ஸலாம்.