தங்கவயலில் துயில்வோர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் பாட்டும் நாடகமும் பரிசளிப்பும் என்பதே வழக்கம். அவற்றினிடையே மறைந்தோரைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்றே நாம் கருதுகின்றோம். பெங்களூரில் இக்காலனியில் வாழும் நம் குடும்பங்களுள் பல, கோலார் தங்கவயலிலிருந்து வந்தவை. நம் பாட்டன்மார் அங்கே மண்ணுக்குள் இறங்கி உழைத்தனர், அம்மண்ணிலேயே அடங்கினர்.

1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கப் பணியை மேற்கொண்டது முதல், வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர் கூட்டங் கூட்டமாகச் சென்றனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் சுமார் 3,200 மீட்டர் ஆழத்தை எட்டிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட பொன் 800 டன் அளவினது என்பர். பொன்னுக்குக் கணக்கு உண்டு.

ஆழம் மிகுந்தோறும் மேலுள்ள பாரத்தின் நெருக்கத்தைத் தாங்காது, குடைந்த இடத்துப் பாறை திடீரென வெடித்துச் சிதறும். அவ்வதிர்ச்சி மேலே வீடுகளிலும் உணரப்படும். உணர்ந்த கணமே பெண்கள் அடுப்பை விட்டுச் சுரங்க வாயிலுக்கு ஓடுவர். கூண்டு மேலேறி வரும்வரை, துயரம் யார் வீட்டுக்கு என்பதை ஒருவரும் அறியார். வேறொரு சாவு ஓசையின்றி வந்தது. கல்தூள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலிற் படிந்து மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் என்னும் நோய் அது. வெடிப்பில் மாண்டவரைப் பற்றியாவது ஊர் பேசிற்று. இருமி இருமி வீட்டுத் திண்ணையில் முடிந்தவரைப் பற்றி யார் பேசினார்?

அவர்களுடைய பெயர்கள் எங்கே உள்ளன? பெரும்பாலும் ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டில்தான் உள்ளன. இறந்தவர் பெயர், வயது, தொழில், அடக்கம் செய்த நாள், ஜெபம் நடத்திய குருவின் கையொப்பம் என ஒரு வரியில் ஒரு வாழ்வு முடிந்துவிடுகிறது. அவ்வொரு வரியையும் தேடிக் கண்டுபிடித்தல் எளிதன்று. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டார் அழைத்த பெயர் ஒன்று, சுரங்கத்தில் எழுதிக்கொண்ட பெயர் மற்றொன்று. பதிவேட்டில் சவரிமுத்து என்றிருப்பவர், பேரப்பிள்ளைகளுக்குச் ‘சின்னத் தாத்தா’ என்ற அளவிலேயே அறிமுகம்! பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ‘இன்னாரின் மனைவி’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிரசவம் பார்த்தவளும், பாடகர் குழுவில் முன்னின்று பாடியவளும், சாவு வீட்டில் முதலில் நுழைந்து பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றியவளும் அவ்வாறே மறைகின்றனர்.

உபதேசியாரை மறத்தலாகாது. ஞாயிறன்று வேதபாடம் சொன்ன அவரே, மற்ற நாட்களில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அகரமும் எழுதுவித்தார். நள்ளிரவிலும் எழுந்து துக்கமணி அடித்த கோயிற்பிள்ளையையும் நினைத்தல் வேண்டும். மணியோசை கேட்டு வந்தோர் அனைவரும் கிறிஸ்தவர் அல்லர். மாரியம்மனைக் கும்பிட்டவரும் வந்தனர்; அயோத்திதாசப் பண்டிதரின் சங்கக் கிளை மாரிகுப்பத்தில் இயங்கியதன் பயனாய்ப் பௌத்தம் தழுவியோரும் வந்தனர். பாடையைத் தூக்கிய தோள்களை எவரும் சமயம் கேட்டதில்லை. ஆதலின் நம் நினைவும் ஆலய மதிலோடு நின்றுவிடுதல் முறையன்று.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பிழைப்பைத் தேடிப் பலர் குடும்பத்தோடு வெளியேறினர். பலர் இன்றும் தங்கவயலிலேயே தங்கி, ரயிலேறி நாள்தோறும் இந்நகருக்கு வேலைக்கு வந்து போகின்றனர். குடும்பம் பெயர்ந்தால் பாத்திரம் பண்டம் உடன் வரும், கல்லறை வராது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலையிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவது நம்மவர் மரபு. ஏற்றுவோர் அயலூரில் இருப்பின், மரச்சிலுவை கறையானுக்கு இரையாகும். மேடு தணிந்து தரையோடு தரையாகும். இன்ன இடம் இன்னாருடையது என்று கைநீட்டிக் காட்டவல்ல முதியவர் இன்று நம்மிடையே சிலரே உளர். அவர்கள் இருக்கும்போதே கேட்டறிதல் வேண்டும்.

எனவே நம் சங்கம் ஒரு ஏட்டைத் திறந்திருக்கிறது. மண்டப வாயிலில் மேசைமீது அது இருக்கிறது. மறைந்தவர் பெயர், வீட்டுப் பெயர், பூர்விக ஊர், வேலை செய்த சுரங்கம், குடியிருந்த லைன், அடக்கமான ஆண்டும் இடமும் ஆகியவற்றை எழுதுக. ஆண்டு நினைவில்லையாயின், ‘மூத்தவள் பிறந்த வருஷம்’ என்று எழுதினாலும் போதும், கணக்கிட்டுக்கொள்ளலாம். பெண்களின் பெயரை அவர்தம் சொந்தப் பெயராலேயே எழுதுக. எழுத இயலாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல, உயர்நிலைப்பள்ளி மாணவர் இருவர் எழுதித் தருவர். எச்சமயத்தவர் பெயரும் அதில் இடம்பெறும்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஏட்டைப் படியெடுத்து, தங்கவயல் ஆலயங்களின் பதிவேடுகளோடு குருமாரின் அனுமதி பெற்று ஒப்பிடுவோம். நவம்பர் 2 அன்று காலை மாரிகுப்பம் ரயிலில் நாம் புறப்படுகிறோம். மண்வெட்டியும் சுண்ணாம்பும் சங்கத்தின் பொறுப்பு. பூவும் மெழுகுவர்த்தியும் அவரவர் கொண்டுவருக. நடக்க இயலாத முதியோரை ஆட்டோவில் அழைத்துச் செல்ல ஏற்பாடு உண்டு. இடத்தைக் காட்டவேண்டியவர்கள் அவர்களே.